அம்புக்குறி போதும் என்றவர்

பாண்டி பஜாரில் ஒரு வெளிநாட்டுச் சாமான் கடையில் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். நிமிடத்துக்கொரு தரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அமெரிக்காவில் மகளுக்குப் பிரசவமாம், மாப்பிள்ளை கப்பல் வேலையில் கடலில். தெரியாத ஊரில் இவர்தான் காரை ஓட்டி அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும்.

கடைக்காரர் வழி காட்டும் ஜி.பி.எஸ். கருவிகள் இரண்டை எடுத்து வைத்தார். "இதுல மேப் கீது சார், மெயின் ரோடு மட்டும். அதுல வெறும் அம்புதான். நீங்க குறிச்சு வச்ச எடத்தைக் காட்டும்."

"முன்னாடியே ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு குறிச்சுண்டுடுவேன். அம்பே போதும்."

"நடுவுல ஏரி வந்தா இன்னா சார் பண்ணுவீங்க?"

"சுத்திண்டு போறேன்பா. எந்தப் பக்கம்னு தெரிஞ்சா சரி." சொல்லிவிட்டு மறுபடி கண்ணாடியைத் துடைத்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நேரே கோயிலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்.

"பிள்ளைத்தாச்சிப் பொண்ணு, அமெரிக்காவுல இருக்கா" என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.