மூலை திருப்பாத கூடை

எங்கள் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பை தொங்கும். முன்பொரு மழையில் விளாங்குடிக் கண்மாய் நிரம்பி, தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றதிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. டார்ச், மருந்து, பத்திரங்கள், பிஸ்கட், மாற்றுத்துணி. ஞாயிறுதோறும் எல்லாவற்றையும் பாயில் பரப்பிச் சரிபார்த்துத் திரும்ப அடுக்குவேன். "உங்க அத்தா கடையை விரிச்சாச்சு" என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பாள் மனைவி. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

பை வருவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒயர் கூடை பின்னுவேன். அதைப் பார்த்துப் பார்த்து மகளுக்கும் ஆசை. சிவப்பும் மஞ்சளுமாக ஒன்று ஆரம்பித்துக் கொடுத்தேன். அடிப்பாகத்தை அவளே பின்னி முடித்தாள். இனி மூலை திருப்பிப் பக்கங்களை எழுப்ப வேண்டும். கொஞ்சம் பிடிபடாத வேலை அது. "அத்தா, மூலை திருப்பிக் குடுங்க" என்று வந்து நிற்பாள். "இந்தா வாரேன்" என்பேன். நான் பையை மூடும்போது அவள் விளையாடப் போயிருப்பாள்.

ஒரு ஞாயிறு பையைத் திறந்தால், மேலாக அந்த அரைகுறைக் கூடை. முக்கியமானதெல்லாம் இதில்தான் இருக்கும் என்று நானே சொல்லியிருந்தேன். அதை நம்பி வைத்திருக்கிறாள். இடத்தை அடைக்கிறதென்று கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, பையில் அந்த இடத்தில் ஒரு நைலான் கயிற்றுச் சுருளை வைத்தேன். அவளிடம் சொல்லவும் இல்லை.

போன மழையில் மறுபடி தண்ணீர் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "அண்ணே, கண்மாய்த் தண்ணி தெருவுக்குள்ள வந்துருச்சு, கெளம்புங்க" என்றதும் பையை மாட்டிக்கொண்டு மூவரும் தல்லாகுளத்தில் என் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டோம். ஒரு காகிதம்கூட நனையவில்லை. மச்சானிடம் நன்றாகவே பீற்றிக்கொண்டேன்.

மறுநாளும் மழை விடவில்லை. எனக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னைக்குச் சும்மாதான இருக்கீங்க அத்தா? மூலை திருப்பிருவோம்."

பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். கடைசியில் கயிற்றைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"எடம் பத்தலம்மா" என்றேன்.

அவள் அழுதிருந்தால் தேவலை. நான் அடுக்கும் அதே வரிசையில் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினாள். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. அந்தக் கயிறு இன்றுவரை எதற்கும் உதவவில்லை.

தண்ணீர் வடிந்து வீடு திரும்பியதும் கட்டிலுக்கடியில்தான் முதலில் குனிந்தேன். கூடை சேறு அப்பிக் கிடந்தது. ஒயர்தானே, தேய்த்துக் கழுவினேன். இருவரும் உட்கார்ந்து நாலு மூலையும் திருப்பினோம். கைப்பிடிவரை அவளே பின்னி முடித்தாள்.

இந்த வருஷம் வானம் கறுத்ததும் பையிலிருந்து கயிற்றை எடுத்துப் போட்டேன். "கூடைய இதுல வச்சுருவோமாம்மா? இம்புட்டு எடம் கெடக்கு."

"வேணாம்த்தா" என்றாள். "நானே கையில தூக்கிட்டு வாரேன்."