உயிரோடிருப்பவளின் பெயர்

லண்டனில் பொலிஸை எதிர்த்து ஊர்வலம் போவதென்றால் முதலில் பொலிஸிடம்தான் சொல்லவேண்டும். அவர்களே வந்து வாகனங்களை மறித்து வழிவிடுவார்கள். ஏசப் போகிறவர்களுக்கு இத்தனை உபசாரமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கூட்டிப்போனவள் டெனிஸ், சலவைக்கடையில் என்னோடு வேலை செய்யும் கறுப்பினப் பெண். அவளுடைய சிநேகிதி, ஒரு திருநங்கை, பொலிஸ் காவலில் செத்துப்போனவள். அதை டெனிஸ் சொன்னதும் சிரிப்பு அடங்கிவிட்டது.

இலங்கையில், எங்கள் ஊர் மாத்தளையில், நான் போன ஒரே ஊர்வலம் தேர்த் திருவிழாதான். அங்கேயும் தேருக்காகப் பொலிஸ்காரர்கள் வாகனங்களை மறிப்பார்கள். ஆனால் ஊரில் காக்கிச் சட்டைக்காரர் இருவர் என் தங்கச்சி கவிதாவையும் மறிப்பார்கள். அவள் தம்பியாகப் பிறந்து தங்கச்சியானவள். சலூனில் மணப்பெண் அலங்காரம் செய்கிறாள். பஸ் ஸ்டாண்டில் நின்றால் ஹேண்ட்பேக்கைக் கொட்டச் சொல்வார்கள். போன மாதம் முடியைப் பிடித்திழுத்து அறைந்தும் விட்டார்கள். "இப்ப பஸ்ஸே வேணாம்னு உக்குவளை வீட்டுக்கு நடந்தே போயிர்றேன்க்கா" என்றாள். 

ஊர்வலம் ஒரு சதுக்கத்தில் நின்றது. மைக் கைமாறக் கைமாற, ஆளுக்கொரு பெண்ணின் பெயரைச் சொன்னார்கள். கூட்டம் திருப்பிச் சொன்னது. இது எனக்குத் தெரிந்த வேலையாயிற்றே. கோயிலில் ஐயர் அர்ச்சனைக்குப் பெயர் கேட்பாரே, அதேதான். மைக் என்னிடம் வந்ததும் ஒரே மூச்சில் சொன்னேன்: "கவிதா, உத்திரம் நட்சத்திரம், கன்னி ராசி."

கூட்டம் தடுமாறித் தடுமாறித் திருப்பிச் சொல்லிவிட்டுத் தலை குனிந்தது. ஒருவர் தொப்பியைக் கழற்றினார். டெனிஸ் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

"எப்போது இறந்தாள்? ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"இறப்பதா? இந்நேரம் யாருக்காவது புருவம் திருத்திக்கொண்டிருப்பாள்."

அங்கே சொன்னதெல்லாம் பொலிஸால் இறந்தவர்களின் பெயர்கள். நம் அர்ச்சனையோ உயிரோடிருப்பவர்கள் நன்றாயிருக்கச் செய்வது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பெரியது பயம். அந்த வரிசையில் என் தங்கச்சியின் பெயர் வந்ததை ஒருவரும் சந்தேகிக்கவில்லையே.

டெனிஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடுங்கினாள். "இவள் உயிரோடிருக்கிறாள். அதனால் இன்னும் சத்தமாக." சதுக்கம் முழுதும் "கவீட்டா, கவீட்டா" என்று கத்தியது. நான் கூட்டத்தை விட்டுத் தெருவில் இறங்கி வாட்ஸ்அப்பில் தங்கச்சியைக் கூப்பிட்டேன்.

"என்னக்கா சத்தம்?"

"ஒன் பேருதான். எங்க இருக்க?"

"வேலை முடிஞ்சு நடந்து போறேன். பஸ் ஸ்டாண்டுகிட்ட." கூட்டம் மறுபடி அவள் பெயரைக் கத்தியது. "கட் பண்ணிராதீங்க. ஸ்பீக்கர்ல போட்டுக்கிட்டு உள்ள போறேன். அந்த ரெண்டு பேரும் நிக்கிறாங்க."

போனைத் தலைக்கு மேலே தூக்கிக் கூட்டத்தின் பக்கம் பிடித்தேன். ஒரு லண்டன் பொலிஸ்காரர் வந்து, தெருவை விட்டு நடைபாதையில் ஏறச் சொன்னார், மரியாதையாகத்தான். தலையாட்டினேனே தவிர அசையவில்லை. அத்தனை கூச்சலுக்கும் நடுவே "உக்குவளை, உக்குவளை" என்று கண்டக்டர் கூப்பிடுவது கேட்டது.

"ஏறிட்டேன்க்கா. சீட்டும் கெடச்சிருச்சு."

அதற்குப் பிறகுதான் நான் நடைபாதையில் ஏறினேன்.