கதவுக்கு அந்தப் பக்கம் சரோஜா அக்கா

சட்ட உதவி மையத்தில் சேர்ந்த முதல் வாரமே எனக்கு ஒரு கேஸ் கிடைத்தது. கேஸ் என்றதும் கறுப்புக் கோட்டைக் கற்பனை செய்ய வேண்டாம். நான் வெறும் தொண்டூழியன். கோர்ட்டில் வாய் திறக்க எனக்கு உரிமையில்லை.

அசாம் ஜாவா ஊரை ஒட்டிய எஸ்டேட் தோட்டத்தில் இருப்பவர் சரோஜா அக்கா. அங்கே வேலை பார்த்த கணவர் இறந்ததும், தொழிலாளர்களுக்குத் தோட்டம் கொடுக்கும் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி நிர்வாகம் சிவில் வழக்குப் போட்டுவிட்டது. இலவச வக்கீலுக்கான மனு இன்னும் முடிவாகவில்லை. எனவே அக்காவே எழுந்து நின்று, வழக்கை வேறு நாளுக்குத் தள்ளிவைக்கச் சொல்லித் தவணை கேட்க வேண்டும். ஆள் வராவிட்டால் தீர்ப்பு தோட்டத்துக்கு, வீடு போய்விடும்.

எப்படி நிற்பது, எவ்வளவு மெதுவாகப் பேசுவது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். ஒத்திகையில் நானே நீதிபதி.

"போதும் தம்பி, நெஜ ஜட்ஜுகூட இவ்ளோ கேள்வி கேக்க மாட்டாருலா" என்றார் அக்கா.

வழக்கு நாளன்று காலை நான் கோர்ட்டுக்குள் பின் வரிசையில் இருந்தேன். பெயர் கூப்பிட்டார்கள். அக்காவைக் காணோம். தோட்டத்து வக்கீல் எழுந்து தீர்ப்பு கேட்டார். நீதிபதி கோப்பைப் புரட்டத் தொடங்கவும், நான் வெளியே பாய்ந்தேன். பாய்ந்த வேகத்தில் அக்காவின் மடியில் விழாத குறை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கதவையொட்டிய பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா, இங்க இருக்கீங்க?"

"அப்பவே வந்துட்டேன் தம்பி. இன்னும் கூப்பிடலையே?"

"உள்ள கூப்பிட்டாங்கக்கா."

"உள்ள கூப்பிட்டா வெளிய எப்படிக் கேக்கும்? எங்க தோட்டத்து ஆபிஸ்ல கணக்கு எழுதுற கிராணி ஜன்னலத் தொறந்து கூப்பிடுவாரு. கூப்பிடாம உள்ள போனா ஏச்சுதான்."

வெறுங்காலோடு அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். ஏன் தாமதம் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் நீதிபதி கேட்டார்.

"லேட் இல்லீங்கய்யா. கதவுக்கு அந்தப் பக்கம் சீக்கிரமாவே வந்துட்டேன்."

தோட்டத்து வக்கீலே கோப்புக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். அக்கா அவரைக் காட்டி, ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் சொன்னார்:

"அவுங்களுக்குப் பேச ஆள் இருக்கு. எனக்கும் ஒரு ஆள் கெடைக்கிற வரைக்கும் டைம் குடுங்க."

தவணை கிடைத்தது. பிறகு மனுவும் தேறி, வக்கீலும் கிடைத்தார். வழக்கு இன்னும் நடக்கிறது; அக்கா அதே வீட்டில்தான் இருக்கிறார்.

இப்போதெல்லாம் யார் வந்தாலும், முதலில் எங்கள் மையத்துக் கதவைத் தள்ளித் திறக்கவைத்துப் பார்க்கிறேன். பேச்சுப் பயிற்சி அப்புறம்தான்.

அடுத்த தவணையன்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நான் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். செருப்புக் காலோடு அக்கா என்னைத் தாண்டிப் போய், கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"என்ன தம்பி, கிராணி கூப்பிடட்டும்னு இருக்கீங்களா?"