நூமேயாவில் வாய் திறந்தவர்

என் கணவர் மகேந்திரராஜாவைப் பற்றி எங்கள் மெல்பேண் நோபல் பார்க்கில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். தங்கமான மனுசன், வாயே திறக்க மாட்டார். டண்டினொங்கில் ஒரு வேர்ஹவுஸில் பத்தொன்பது வருடம் பெட்டி அடுக்கியவர். கலியாணத்துக்கு முன் ஏழு வருடம் பிரான்சில், லியோன் நகரத்து உணவகம் ஒன்றில் கோப்பை கழுவி, பிறகு சமையலுக்கு உயர்ந்தவர். நான்தான் ஸ்பொன்சர் செய்து மெல்பேணுக்குக் கூப்பிட்டேன்.

இங்கே வந்து அவருக்கு இங்கிலிஷ் ஓடவில்லை. வங்கி, பள்ளிக்கூடம், பல் டொக்டர், எங்கே போனாலும் கதைப்பது நான்தான். அவர் பக்கத்துக் கதிரையில் பைலை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். "நான் இல்லாட்டி இந்த மனுசன் என்ன செய்யும்?" என்று சிநேகிதிகளிடம் சலித்துக்கொள்வேன். உள்ளுக்குள் அது எனக்குப் பெருமை. மறைப்பானேன், அந்தப் பெருமையில்தான் இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்தினேன்.

அந்த இருபத்தைந்துக்காக மகள் நிஷானி எங்களைச் சிட்னியில் கப்பலேற்றிவிட்டாள். கப்பல் ஒரு பகல் நூமேயாவில் நிற்கும். பசிபிக் கடலுக்குள் ஒரு பிரெஞ்சுப் பட்டினம்.

"சரியான ரொமான்ரிக்காம். அப்பாவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நடவுங்கோ அம்மா" என்றாள்.

கையைப் பிடிக்க ஆள் நின்றால்தானே! துறைமுக வாசலைத் தாண்டியதும் இவர் ஒரு பொலிஸ்காரரிடம் பிரெஞ்சில் வழி கேட்டார். அந்த ஆள் நீட்டி முழக்கிப் பதில் சொன்னார். இவர் திருப்பி ஏதோ சொல்ல, இரண்டு பேரும் பழைய கூட்டாளிகள் மாதிரிச் சிரித்தார்கள். வீட்டில் ஓமுக்கும் இல்லைக்கும் மேலே ஒரு சொல் வராத மனுசன்!

தென்னை நிற்கும் சதுக்கத்தில் மர வாங்கில் இருந்த கிழவரோடு கதை. பேக்கரியில் கதை. நீலக் கூரை போட்ட சந்தையில், பூப்போட்ட தொளதொளச் சட்டை அணிந்து பப்பாளி விற்ற பெண்ணோடு கதையோ கதை. கையை ஆட்டினார், புருவத்தை உயர்த்தினார், பப்பாளியை மூக்கில் வைத்துக் கண்ணை மூடினார். அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளைப் பார்த்து மட்டும் வந்த பொறாமை என்றால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். அந்தச் சிரிப்புக்கார மகேந்திரராஜாவை எனக்குத் தெரியாது, லியோனுக்குத் தெரிந்திருக்கிறது. அவருக்கு என் தேவையே இல்லை. அதுதான் சுட்டது.

திடீரென்று அந்தப் பெண் என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். நான் முழித்தேன். இவர் ஒரு சின்ன வசனம் சொன்னார். அவள் "ஆ" என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நான் பப்பாளிப் பையைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.

மேட்டில் நிற்கும் தேவாலயத்துக்கு ஏறும் படியில் இனிப் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"இஞ்சாருங்கோ, என்னைப் பற்றி அவளுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"உம்மைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே."

"அவள் என்னைப் பார்த்துக் கேக்க ஏதோ சொன்னனீங்கள்."

"ஓ, அதோ. 'இவவுக்கு விளங்காது, என்னோடை கதையுங்கோ' எண்டு சொன்னனான்."

குத்திக்காட்டுகிற குரலே இல்லை. மணி கேட்டால் மணி சொல்வதுபோலச் சொன்னார். நான் படியிலேயே இருந்துவிட்டேன். வங்கியில், பள்ளிக்கூடத்தில், பல் டொக்டரிடம், இவரை வைத்துக்கொண்டு இங்கிலிஷில் நான் சொல்லி வந்த வசனம் அது. இவருக்கு விளங்காது, என்னோடு கதையுங்கள்.

"நான் அப்பிடிச் சொல்லேக்கை உங்களுக்கு விளங்குறதோ?"

"ஓம்" என்றார். பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நான் முழுசா விளங்கிப் படிச்ச முதல் இங்கிலிஷ் அதுதான். எழும்பும் மிருணா, நாலு மணிக்குக் கப்பல்."

இறங்கும்போது அவர் கதைத்தபடி வந்தார். லியோனில் எந்தச் சந்தியில் பப்பாளி கிடைக்கும், என்ன விலை என்றெல்லாம். கேட்டுக்கொண்டே நடந்தேன். எத்தனை வருடக் கதையை நான் கேட்காமல் விட்டிருக்கிறேன்!

கப்பல் வாசலில் அட்டை பார்த்த பெண் அவரிடம் இங்கிலிஷில், "நாள் எப்படிப் போனது, சேர்?" என்று கேட்டாள். பழக்கதோஷம், அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நான் கைப்பையைத் திறந்து, இல்லாத எதையோ தேடத் தொடங்கினேன். பின்னால் வரிசை நீண்டது. ஒருவர் தொண்டையைச் செருமினார். நான் தேடிக்கொண்டே இருந்தேன்.

"வெரி குட்" என்றார் அவர். கொஞ்சம் யோசித்தார். "மை வைஃப், வெரி ரயேட்." நான் களைத்துப்போனேனாம்.

அந்தப் பெண் சிரித்தாள். அவரும் சிரித்தார், சந்தையில் சிரித்த அதே சிரிப்பு. எனக்கு மறுபடியும் எரிந்தது. ஆனாலும் நான் கைப்பையை மூடவில்லை.