நாற்பத்து மூன்றிலேயே நின்ற வண்டி

“…நாப்பத்தி மூணுல போனாரு, நாப்பத்தி மூணுலயே திரும்பி வந்தாரு. நடுவுல ஒம்பது மாசம். மீட்டர்ல ஒரு மைல்கூட ஏறல, டாக்டர்” என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்.

சிங்கப்பூரில், ஆங் மோ கியோ வீட்டுக் கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். அக்கா கையில் கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்று. பக்கத்தில் அத்தான். எதிரே, வண்டி வாங்க வந்த பல் டாக்டர், நம்ம ஆள்தான். பழைய வண்டிகள் என்றால் அவருக்கு உயிர். அவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தது நான்.

அத்தான் கப்பலில் எஞ்சின் பிட்டர். ஜப்பான் துறைமுகம் ஒன்றில் அந்த மாதிரிக் காரைப் பார்த்து மனசைப் பறிகொடுத்து, ஊர் திரும்பியதும் இங்கே ஒன்றைப் புதிதாக வாங்கிவிட்டார். ஆரஞ்சு நிறம், நீண்ட மூக்கு, தரையோடு தரையாக இருக்கும். சீட் இரண்டே இரண்டு. வீட்டில் பிள்ளைகள் மூன்று. அவர் கரையில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசைக்கு அதில் போவார். அக்காவும் பிள்ளைகளும் பஸ்ஸில் போய்க் கோயில் வாசலில் அவரோடு சேர்ந்துகொள்வார்கள். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் நான் வேலை பார்த்த உதிரிபாகக் கடையின் முதலாளி, “ஒங்க அத்தான் ஒங்க அக்காவுக்கு மாப்பிள்ளையா, வண்டிக்கு மாப்பிள்ளையாடா?” என்று கேட்பார். சிரிப்பேன். வேறென்ன செய்ய?

வருஷத்தில் ஒரு மாதம்தான் அத்தான் கரையில். மிச்சமெல்லாம் கடல். வீட்டிலோ லைசென்ஸ் வைத்திருக்கும் மச்சான் ஒருவன் தங்கியிருக்கிறான், அதாவது நான். கடையின் சாமான் வேனை ஓட்டுகிறவன், கை சும்மா இருக்குமா என்று அவருக்குப் பயம். அதற்காகத்தான் அந்த நோட்டு. கப்பலேறும் நாளன்று காலையில் கீழே போய், ஓடிய மைலைக் காட்டும் மீட்டரைப் பார்த்து நம்பரை உரக்கச் சொல்வார். அக்கா பக்கத்தில் நின்று தேதி போட்டு எழுதுவாள். இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். “மச்சான், ஒன்ன நம்பாம இல்ல. எழுதி வெச்சா எல்லாருக்கும் நல்லது” என்பார். வாரம் ஒரு தடவை, நின்ற இடத்திலேயே பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிடுவது மட்டும் என் பொறுப்பு. திரும்பி வந்தால் பிள்ளைகளைப் பார்க்க நேரே மேலே வரமாட்டார். தார்ப்பாயைத் தூக்கி நம்பரைப் பார்த்த பிறகுதான் லிப்டுக்கே நடப்பார்.

நாய் பெற்ற தெங்கம்பழம் என்று சும்மாவா சொன்னார்கள்? அதனாலும் உடைத்துத் தின்ன முடியாது, அடுத்தவனையும் அண்டவிடாது.

பிறகு அவருக்குக் கண்ணில் அழுத்த நோய் வந்தது. கப்பல் வேலைக்கான பரிசோதனையில் தள்ளிவிட்டார்கள். நிரந்தரமாகக் கரைக்கு வந்தார், வண்டியும் கீழே பளபளவென்று நின்றது. ஓட்டத்தான் கண் இல்லை. கடையில் ஒருவன், “கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்” என்றான். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விற்றே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. வயதான வண்டிக்குச் சாலை வரி ஏறிக்கொண்டே போகும். கேட்டு வந்தவர்களுக்கோ வண்டி வேண்டாம். புதுக் கார் எடுக்கும்போது பழையது ஒன்றை உடைக்கக் கொடுத்தால் வரியில் சலுகை உண்டு, அதற்காகத்தான் வந்தார்கள். அத்தான் ஒவ்வொருவரையும் திருப்பி அனுப்பினார். “எவனாச்சும் ஓட்டட்டும்டா. நசுக்க மட்டும் விடமாட்டேன்” என்றார். அப்படித்தான் பல் டாக்டர் வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், குனிந்து அடியில் பார்த்தார், பெடல் ரப்பரைத் தடவிப் பார்த்தார். வண்டிமேல் மனசு விழுந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனால் மீட்டரை மட்டும் நம்பவில்லை.

“பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, பதினோராயிரம் மைல்தான்னா யாரு நம்புவா? பின்னால திருப்ப ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும் லா” என்றார்.

சர்வீஸ் புத்தகத்தில் முதல் இரண்டு முத்திரைதான் இருந்தது. முத்திரை குத்திய பட்டறையை மூடி எத்தனையோ வருஷம். அத்தான் கொஞ்சமும் தயங்கவில்லை. தன் கப்பல் புத்தகத்தையும் அந்த நோட்டையும் கொண்டுவரச் சொன்னார். கப்பலேறிய தேதி, இறங்கிய தேதி எல்லாம் முத்திரையோடு ஒன்றில். மீட்டர் நம்பர் மற்றதில். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தீர்ந்தது. கண் மங்கி அவருக்கு எழுத்துத் தெரியவில்லை என்பதால் அக்காவையே படிக்கச் சொன்னார். எத்தனை பெருமை அவர் முகத்தில்! பார்த்தீர்களா, அன்றைக்கே யோசித்து வைத்தேன் என்பதுபோல.

அக்கா படித்துக்கொண்டே வந்து ஆறாயிரத்து இருநூற்று நாற்பத்து மூன்றில் நின்றாள். அந்த ஒன்பது மாதம் எனக்குத் தெரியும்.

இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்த புதிது. இந்தப் பக்கம் டாக்சி வருவது அபூர்வம். ஒருநாள் மத்தியானம், இரண்டு நாளாகக் காய்ச்சலில் கிடந்த சின்னவளுக்குக் கழுத்து விறைத்துப்போய்க் கண் மேலே செருகியது. மாதா படத்துக்குப் பக்கத்து ஆணியிலிருந்து நான் வண்டிச் சாவியை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்தாள். “வேணாம்டா. நம்பர் ஏறிடும். வந்து கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?”

நான் சாவியை மறுபடி ஆணியில் மாட்டினேன். இத்தனை வருஷமாக இந்த ஒரு வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியம் எனக்கு வரவில்லை.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, தார்ப்பாய் போர்த்தி நின்ற வண்டியைத் தாண்டித்தான் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். பஸ் வர நேரமானது. இறங்கி இன்னொரு பஸ். மூளைக் காய்ச்சல் என்றார்கள். கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்த ஆஸ்பத்திரி டாக்டர் அதை முடிக்கவில்லை. பிள்ளை பிழைத்தாள், இரண்டு காதும் போய்விட்டது. அத்தானுக்குக் கடிதம் எழுதினோம். எப்படிக் கொண்டுபோனீர்கள் என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மாதங்கள் கழித்து வந்து, தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “கரெக்டா இருக்கு” என்றார்.

பல் டாக்டர் நோட்டின் அந்தப் பக்கத்தையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “வீட்டுல ஓட்டத் தெரிஞ்ச ஆள் இருக்காரு, சாவியும் இருக்கு. ஒம்பது மாசத்துல ஒரு அவசரம்கூடவா வந்திருக்காது?”

“வந்துச்சு டாக்டர்” என்றாள் அக்கா. நம்பர் படித்த அதே குரல்தான். “எங்க சின்னவளுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது அப்பத்தான். வண்டிய எடுத்தா நம்பர் ஏறிடும்னு நாங்க பஸ்ல போனோம்.”

டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். வண்டியை அவர்தான் வாங்கினார், இன்னும் ஓட்டுகிறார் என்று கேள்வி. அன்றைக்கு லிப்டில் இறங்கும்போது என்னிடம், “இந்த நோட்ட ஒரே நாள்ல ஒக்காந்து பொய்யா எழுதிடலாம் தம்பி. ஒங்க அக்கா சொன்னத அப்படி எழுத முடியாது” என்றார். அத்தான் கேட்டது அத்தானுக்குக் கிடைத்தது.

அதெல்லாம் பிறகு நடந்தது. கூடத்தில் அந்த நேரம் அத்தான், அக்கா உட்கார்ந்திருந்த திசையைப் பார்த்தார். “போதும், நோட்ட மூடு” என்று மெதுவாகச் சொல்லி, மேசைமேல் கையால் துழாவினார். அந்தக் கை எட்டாத தூரத்துக்கு அக்கா நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். விரலை நாக்கில் தொட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டி, அடுத்த தேதியைப் படித்தாள்.