தவமலர் அக்கா தேடிய ஆற்றிறக்கம்

கடந்த மாதம் ஒரு வியாழன் மதிய இடைவேளையில் ரொறன்ரோவிலிருந்து தவமலர் அக்காவின் மகள் அழைத்தார். "அன்ரி, அம்மா மோசம் போயிட்டா" என்றார். லண்டன் ஹவுன்ஸ்லோ வீட்டில், நித்திரையிலேயே இதயம் நின்றிருக்கிறது. பக்கத்து வீட்டார் கதவைத் தட்டியது இரண்டு நாள் கழித்து. விமான நிலையச் சமையற்கூடத்தில், அவர் வேலையை விடும்வரை, பதினொரு வருடம் அவருக்குப் பக்கத்தில் நின்று உணவுத்தட்டு அடுக்கியவள் நான். அந்த இரண்டு நாளும் எனக்கு ஒன்றும் தெரியாது.

அக்காவும் கணவர் சிவநேசன் அண்ணையும் ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு மாறி வந்தவர்கள். அண்ணை ஓய்வு பெற்ற கையோடு ஒரு சின்னத் துடுப்புப் படகையும் அதை ஏற்றிச் செல்ல ட்ரெய்லரையும் வாங்கினார். படகு தண்ணீரைக் காணுமுன் மாரடைப்பில் போய்விட்டார். வாசலில் கிடந்த அதை விற்றுவிடும்படி எல்லோரும் சொன்னோம். அக்கா கேட்கவில்லை.

"வித்தா இன்னொருத்தற்ற வாசல்ல கிடக்கும். ஒருக்கா எண்டாலும் தண்ணியில நிக்கட்டும்" என்றார்.

ஆறு பக்கத்தில்தானே, கொண்டுபோய் இறக்கினால் சரி என்றுதான் நாங்கள் நினைத்தோம். தேம்ஸ் கரையில் எவ்வளவு தூரமும் நடக்கலாம். படகோடு இறங்கத்தான் வழியில்லை. ட்ரெய்லரைப் பின்னுக்கு விட்டுப் படகை நீரில் இறக்கும் சரிவை இங்கே ஸ்லிப்வே என்பார்கள். ஒன்றில் கேற் பூட்டியிருந்தது. இன்னொன்று அங்கத்தவர்களுக்கு மட்டும். வேறொன்றில் கடல் வற்றோடு ஆற்றுத் தண்ணீரும் இறங்கியபின் முழங்கால் சேறு. கவுன்சிலுக்கு அழைத்துக் கேட்டால், அந்தச் சரிவு யாருக்குச் சொந்தம் என்று அவர்களுக்கே நிச்சயமில்லை. அக்கா ஓய்வுநாள்களில் தனியே போய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். திறப்பு யாரிடம், ட்ரெய்லரைத் திருப்ப இடம் காணுமா, தண்ணீர் எத்தனை மணிவரை நிற்கும் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தார். அறுபது வயதில், வெறுமையான கார்த் தரிப்பிடத்தில், ட்ரெய்லரைப் பின்னுக்கு எடுக்கப் பழகினார். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் அது மறுபக்கம் போகிறது என்று வேலையிடத்தில் சொல்லிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது குறைவு.

கடைசியில் டெடிங்டனுக்கு மேலே, கடலின் ஏற்ற இறக்கம் எட்டாத பகுதியில், எல்லோருக்கும் திறந்திருந்த ஒரு சரிவு கிடைத்தது. அன்றைக்கு நானும் போனேன். படகு மெல்ல மிதந்தது. அக்கா ஏறவில்லை. முழங்கால் தண்ணீரில், கயிற்றைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். பிறகு, "காணும். இழுப்பம்" என்றார்.

அடுத்த கிழமை கேட்டார்: "ஞாயிறு வாறீரா? இந்த முறை ஏறப் போறன்."

ஷிப்ட் இருக்கிறது என்றேன். இருக்கவில்லை. குளிரில் வெளியே போக எனக்கு அலுப்பு, அவ்வளவுதான். நீந்தத் தெரியாத அவர், உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு தனியே ஏறினார். அதன்பிறகு என்னைக் கூப்பிடவில்லை. கோபித்ததாகவும் காட்டவில்லை.

தகனத்திற்குப் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் இரண்டு வெள்ளைக்காரர்களை யாருக்கும் தெரியவில்லை. விசாரித்தேன். ஆற்றங்கரையில் அக்காவைச் சந்தித்துத் தொலைபேசி இலக்கம் வாங்கியவர்களாம். எந்த கேற் திறந்திருக்கும், எங்கே சேறு என்று கேட்க அழைப்பார்களாம். ஒருமுறைகூட அவர் சலித்துக்கொள்ளவில்லையாம். அவருடைய தொலைபேசிக்கு மகளையும் என்னையும் விட்டால் அழைக்க ஆளில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அக்காவை நான் கடைசியாகக் கண்டது இந்த வசந்தகாலத்தில். கிங்ஸ்டன் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றது. மேல்தட்டு யன்னலால் பார்த்தேன். நடு ஆற்றில் அந்தப் படகு. துடுப்புகளை உள்ளே வைத்துவிட்டு அக்கா பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்க இருக்கையில் ஒருவரும் இல்லை. அடுத்த தரிப்பில் இறங்கி ஓடியிருக்கலாம். பஸ் நகர்ந்தது, நான் இருந்துவிட்டேன்.

அன்று பின்னேரம் தொலைபேசியில் சொன்னேன்.

"கை காட்டியிருக்கலாமே" என்றார். "நான் பாலத்தைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

போய்வாருங்கள், அக்கா.