வாசல் இல்லாத கூடாரம்

என் வீட்டுப் பின்னறையில், அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில், சாம்பல் நிறக் கன்வஸ் பொட்டலம் ஒன்று சாய்ந்து நிற்கிறது. போன மாதம் ஓடு மாற்ற வந்த மேசன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது வள்ளம், போட்டுக்கு மேல போடுற மூடியெல்லோ? சும்மா கிடக்கிறதெண்டா எனக்குத் தாங்கோவன்" என்று கேட்டார். "மூடியில்லைத் தம்பி, அது கூடாரம்" என்றேன். அவர் பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வயதுபோன மனிசியோடு என்ன கதை என்று நினைத்திருப்பார், பேசாமல் ஏணியில் ஏறிவிட்டார். அவர் சொன்னதுதான் உண்மை. ஆனாலும் அதைக் கூடாரம் என்று சொல்லவேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

அதை வாங்கியவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். திருகோணமலைத் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவர். வெள்ளைக்காரரின் கடற்படை மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு போனபிறகு, அவர்கள் விட்டுச்சென்ற பழைய சாமான்கள் அடிக்கடி ஏலத்துக்கு வந்தன. அந்த ஏலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கட்டிய பொட்டலத்தைக் கட்டியபடியேதான் எடுக்கவேண்டும், அவிழ்த்துப் பார்க்க விடமாட்டார்கள். தட்டிப் பார்க்கலாம், தூக்கிப் பார்க்கலாம், மாமாவைப் போல மணந்தும் பார்க்கலாம். ஊரில் பலர் இதில் கையைச் சுட்டுக்கொண்டு திருந்தினார்கள். மாமா திருந்தவில்லை. அவருடைய மூக்கு சேர்த்துவைத்த சொத்தெல்லாம் வளவு நிறையக் கிடந்தது. ஒரு கப்பலுக்கே சோறு ஆக்கக்கூடிய கிடாரம், அதற்குள் மாமியின் கோழிகள் அடைகிடந்தன. இரண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய பித்தளை விளக்கு. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாத ஒரு கயிறு. மாமி உடுப்புக் காயப்போட ஒரு நங்கூரத்தைச் சுற்றிக்கொண்டுதான் கொடிக்குப் போவார்.

இந்தப் பொட்டலம் வந்த அன்று நானும் அம்மாவும் அங்கே இருந்தோம். மாமா அதை வண்டிலில் இருந்து இறக்கி, ஒருதரம் மணந்து, "கூடாரம். ஒபிசர்மார் படுக்கிற கூடாரம்" என்று அறிவித்தார். மாமி குசினியில் இருந்து வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். அவர் சத்தம்போட்டுப் பேசுகிறவர் அல்ல, அதனால்தான் மாமாவுக்கு அவரிடம் பயம். "சரி. வாற சனி ஞாயிறு எங்கள் எல்லாரையும் எங்கையாவது கூட்டிக்கொண்டு போய் இதுக்குள்ள படுக்கவையுங்கோ. கூடாரமெண்டா நான் இனி வாய் திறக்கமாட்டன். இல்லாட்டி வளவில கிடக்கிற அவ்வளவும் போகோணும்" என்றார். மாமா என் அம்மாவைச் சாட்சிக்கு வைத்துச் சத்தியம் பண்ணினார். அப்போதே அவிழ்த்துப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். ஆனால் நம்பிக்கை இல்லாதவன்தான் வீட்டில் அவிழ்ப்பான் என்று சொல்லிவிட்டார். இப்போது யோசித்தால், அவருக்கு அவிழ்க்கப் பயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சித்திரை வருஷப்பிறப்பு முடிந்த கையோடு அந்தச் சனிக்கிழமை வந்தது. அப்பா ஒரு வான் வண்டியை இரவல் வாங்கினார். இரண்டு குடும்பமும், இடியப்ப உரலும், மாமாவின் பித்தளை விளக்கும், கயிறும், எல்லாவற்றுக்கும் மேலே பொட்டலமுமாகக் கடலோர வீதியால் இறக்கக்கண்டி கடந்து, திரியாய்க்கு அப்பால் காட்டோரத்தில் இருந்த ஒரு குன்றடிக்குப் போனோம். பழைய காலத்துப் பிக்குமார் இருந்த குகைகள் அந்தக் குன்றில் இருக்கின்றன என்று மாமா யாரிடமோ கேட்டு வைத்திருந்தார். இறங்கியதும் கூடாரத்தை அடிப்போம் என்றார் அப்பா. முதலில் குகை என்றார் மாமா. மாமி சிரிக்காமல் மாமாவைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

குகைக்குள் பிள்ளைகள் தொலைந்துபோவார்கள் என்று மாமா எங்கள் எல்லாரையும் அந்தக் கயிற்றில் வரிசையாகக் கட்டினார். பெரியவர்களையும் விடவில்லை. முன்னுக்கு அவரும் அப்பாவும் விளக்கைத் தூக்கிக்கொண்டு போக, கடைசி ஆளாக மாமி வந்தார். மாமா குனிந்து உள்ளே போனார். நாங்கள் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்தோம். திடீரென்று எல்லாரும் நின்றோம். முன்னால் போன மாமா குகையின் கடைசிச் சுவரில் முட்டிவிட்டார். மாமி இன்னும் வெளியே வெயிலில் நின்றார். "உள்ளுக்குள்ள என்ன தெரியுது?" என்று அங்கே இருந்து கேட்டார். "சுவர்" என்றார் மாமா. அந்தச் சொல் வந்ததும் விளக்கின் புகைக்கு மிரண்ட வௌவால்கள் எல்லாம் வாசலை நோக்கிப் பறக்க, கயிற்றில் கட்டுண்ட இரண்டு குடும்பமும் ஒரே நேரத்தில் வெளியே போகப் பார்த்தது. முடிச்சுகளை அவிழ்த்து முடிக்க மத்தியானச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது.

சாப்பிட்ட பிறகு இனித் தள்ளிப்போட வழியில்லை. மாமா பொட்டலத்தை மணலில் உருட்டினார். அது விரிந்தது, விரிந்துகொண்டே போனது. ஒரு நுனி கூராக இருந்தது, மற்ற நுனி மட்டமாக இருந்தது. விளிம்பு முழுக்கத் துளைகள், துளைகளில் சின்னக் கயிறுகள். கம்பம் இல்லை, வாசல் இல்லை. அப்பா அதைச் சுற்றி ஒருதரம் நடந்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "அத்தான், இது போட்டுக்குப் போடுற மூடி." மாமா கேட்காதவர் போலக் காட்டுக்குள் போய்த் தடிகள் வெட்டிவந்து நட்டு, மூடியை அவற்றின்மேல் போட்டார். அது எங்கள் முழங்கால் உயரத்துக்கு நின்றது. மாமா தவழ்ந்து உள்ளே போய், "நல்ல காத்து வருது" என்று குரல் கொடுத்தார். அதோடு தடிகள் சரிந்தன. கன்வஸுக்குள் அவர் எந்தப் பக்கம் ஊர்கிறார் என்று நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். மாமி வெங்காயம் உரித்தபடியே, "அதுக்குள்ள படுக்கிறதெண்டா முதல்ல ஒரு வள்ளம் ஏலத்தில எடுக்கோணும்" என்றார்.

வெளியே வந்த மாமாவின் முகத்தை நான் மறக்கவில்லை. அவர் தோற்றுப்போனது எல்லாருக்கும் தெரிந்தது. வளவு முழுக்கக் கிடந்ததைப் போகவிட வேண்டும் என்பதை அவர் அந்த இடத்திலேயே எண்ணிப் பார்த்திருப்பார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. யாரும் எதுவும் சொல்வதற்குள் மேற்கே இருட்டிக்கொண்டு வந்து மழை கொட்டத் தொடங்கியது. கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு காலையில் முட்டிய அதே குகைக்கு ஓடினோம். வாசலுக்கு மேலே பாறையில் நீளமாக ஒரு கோடு வெட்டியிருந்தார்கள். பாறை வழியே வந்த தண்ணீர் அந்தக் கோட்டோடு நின்று வெளியே சொட்ட, உள்ளே ஒரு துளி விழவில்லை. ஆனால் நிலமெல்லாம் வௌவால் எச்சமும் கட்டெறும்பும். எங்கே இருப்பது என்று அம்மா கேட்டார்.

மாமிதான் மூடியை இழுத்து விரித்தார். விளிம்புக் கயிறுகளைச் சுற்றிவரக் கற்களில் இழுத்துக் கட்ட, நான்கு பக்கமும் மேலே எழும்பி, அது ஒரு வள்ளம் போல நின்றது. எறும்பு ஏறவில்லை. நாங்கள் எல்லாரும் அதற்குள் ஏறி இருந்தோம். மாமி கூர்நுனியில் இருந்தார். மாமா மட்டும் குகை வாசலில், மழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தார். மாமி கொஞ்சநேரம் பார்த்தார். "இஞ்சேருங்கோ, உள்ள வாங்கோ. வள்ளம் வெளிக்கிடப் போகுது" என்றார். முதலில் அம்மா சிரித்தார், பிறகு எல்லாரும். மாமி வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் நான் கண்டேன். மாமா வந்து மட்டநுனியில் இருந்தார். மழை விடும்வரை மாமி கதை சொன்னார். அவர் சம்பூரில் பிறந்தவர். சின்ன வயதில் தகப்பனோடு வள்ளத்தில் பட்டினத்துக்கு வந்ததையும், நடுக்கடலில் நின்று தாயை நினைத்து அழுததையும், கரை ஏறியதும் அழுகை நின்று தோடம்பழ இனிப்புக் கேட்டதையும் சொன்னார். கலியாணம் முடித்து இத்தனை வருஷத்தில் இதையெல்லாம் எனக்குச் சொல்லவில்லையே என்று மாமா கேட்டார். "நீங்கள் எப்ப வீட்டில இருந்தனீங்கள், ஏலத்திலதானே" என்றார் மாமி. அந்த வள்ளத்திலேயே விடியும்வரை படுத்தோம்.

சொன்ன சொல்லை மாமா மீறவில்லை. அடுத்த ஞாயிறு தன் வளவிலேயே ஏலம் போட்டார். வெள்ளைக் காற்சட்டை போட்டு, கோழிகளைக் கலைத்துவிட்டு, கிடாரத்தைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றார். கிண்ணியாவில் இருந்து வந்த இரும்பு வியாபாரி ஒருவர் நங்கூரத்தையும் விளக்கையும் எடுத்தார். கயிறு போனது. காலுக்குக் கீழே இருந்த கிடாரமும் போனது. கடைசியாகப் பொட்டலம் வந்தது. இறக்கக்கண்டியில் வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் செய்த ஒரு சம்மாட்டி அதைத் தட்டிப் பார்த்ததுமே என்னவென்று கண்டுகொண்டு விலை கேட்டார். அப்போது குசினி வாசலில் ஒரு அகப்பை உயர்ந்தது. சம்மாட்டி கூட்டிக் கேட்டார். அகப்பை மறுபடி உயர்ந்தது. மாமா அதைப் பிடித்திருந்த மாமியைப் பார்த்தார். பிறகு "ஒருதரம் ரெண்டுதரம் மூண்டுதரம்" என்று ஒரே மூச்சில் சொல்லிக் கையைத் தட்டினார்.

"ஐயா, நான் வாய் திறக்க முதல் முடிச்சுப்போட்டியள்" என்றார் சம்மாட்டி.

"ஏலமெண்டா அப்பிடித்தான் தம்பி" என்றார் மாமா.

அதன்பிறகு மாமா ஏலத்துக்குப் போகவில்லை. வளவில் மாமி கத்தரி நட்டார். பொட்டலம் அவர்களுடைய கட்டிலுக்குக் கீழே இருந்தது. மாமா காலமாகிப் பல வருஷம் கழித்து, மாமி தன் வீட்டைவிட்டு மகனோடு போகும்போது அதை எனக்குத் தந்தார். இப்போது என் பேரப்பிள்ளைகளிடம் ஒரு கூடாரம் இருக்கிறது. குடை அளவுதான், எறிந்தால் தானாகவே விரியும், வாசல், யன்னல், நுளம்பு வலை எல்லாம் உண்டு. அவர்கள் இந்தப் பொட்டலத்தைக் காட்டி இது என்ன என்று கேட்கும்போதும் நான் கூடாரம் என்றுதான் சொல்கிறேன். நாங்கள் எல்லாரும் அதை மூடி என்றுதான் சொல்லிவந்தோம், கடைசியில் மாமாகூட அப்படித்தான் சொன்னார். மாமி ஒருநாளும் சொன்னதில்லை. அதை என் கையில் தந்தபோதும், "பிள்ளை, மாமாட கூடாரம். மழையில நனையவிட்டிடாத" என்றுதான் சொன்னார்.